தோட்டப் பள்ளியின் நிலப்படம்: மலாயாத் தமிழ்த் தொடக்கப் பள்ளிகளில் புவியியல் கல்வி – ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் முதன்முதலாகக் கோலாலம்பூரில் கூடியது. அதன் பின்னர்க் கடல்கடந்த தமிழரின் குடியேற்றம், தொழில், சமயம், இதழியல், இலக்கியம் ஆகியவை குறித்த ஆய்வுகள் பெருகி வந்துள்ளன. தமிழ்ப் பள்ளிகளைப் பற்றியும் எழுதப்பட்டுள்ளது. ஆயினும் பள்ளிகளின் எண்ணிக்கை, கட்டடம், மானியம், ஆசிரியர் நிலை ஆகியவை ஆராயப்படும் அளவிற்கு, அப்பள்ளிகளில் அமர்ந்திருந்த குழந்தைக்கு என்ன சொல்லப்பட்டது என்பது ஆராயப்படுவதில்லை.

தொடக்கப் பள்ளிப் பாடங்களுள் புவியியலுக்குத் தனித்தன்மை ஒன்று உண்டு. கணக்கு எந்நாட்டிலும் ஒன்றே. மொழிப்பாடம் வீட்டிலிருந்தே வருகின்றது. புவியியலோ, 'நீ இருக்கும் இடம் எது? அதைச் சூழ இருப்பவை எவை?' என்று குழந்தையை வினவுகின்றது. அவ்வினாவிற்குப் பள்ளி தரும் விடை, பின்னாளில் அக்குழந்தை எந்த மண்ணைத் தன் மண் எனக் கொள்ளும் என்பதோடு தொடர்புடையது.

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் எழுந்த தமிழ்ப் பள்ளிகள் இவ்வினாவிற்கு இரண்டு விடைகளை அடுத்தடுத்துத் தந்தன. முதலாவது, இந்தியாவின் நிலப்படம். இரண்டாவது, விடுதலை பெற்ற மலாயாவின் நிலப்படம். இவ்விரண்டிற்கும் இடையில், குழந்தை நாள்தோறும் நடந்த தோட்டம் பாடமாகாமலே நின்றுவிட்டது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். இதனை விளக்குவதற்கு, குழந்தைக்குப் புவியியல் எவ்வாறு கற்பிக்கப்பட வேண்டும் என்ற சிந்தனை வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாக முதலில் காண்போம்.

2. கண்ட நிலத்திலிருந்து காணாத நிலத்திற்கு

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோ 1762இல் வெளியிட்ட 'எமீல்' என்னும் நூலில், அக்காலப் புவியியல் கற்பித்தலைக் கடுமையாகக் குறை கூறினார். உலகத்தைக் கற்பிப்பதாக ஆசிரியர் எண்ணிக்கொள்ள, குழந்தையோ நிலப்படத்தில் உள்ள பெயர்களை மட்டுமே கற்கின்றது என்பது அவர் கண்ட குறை. தான் வாழும் ஊரையும் வீட்டையும் தொடக்கமாகக் கொண்டு, இடையில் உள்ள ஆறுகளையும் வழிகளையும் தானே அறிந்து, குழந்தை தன் நிலப்படத்தைத் தன் கையால் வரைய வேண்டும் என்றார் அவர். அப்படம் பிழையுடையதாக இருப்பினும், நிலப்படம் என்பது எவ்வாறு உருவாகின்றது என்பதைக் குழந்தை அதனால் அறிந்துகொள்ளும்.

ரூசோ ஏட்டில் எழுதியதை வகுப்பறையில் செய்து காட்டியவர் சுவிட்சர்லாந்து நாட்டுப் பெஸ்டலோசி. 1805 முதல் 1825 வரை இவெர்டோன் நகரில் அவர் நடத்திய பள்ளியில், மாணவர் அருகிலிருந்த பூரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கிற்கு அழைத்துச் செல்லப்பட்டனர். முதலில் அதனை முழுமையாகவும், பின்னர்ப் பகுதி பகுதியாகவும் நோக்கினர். அங்கிருந்து களிமண் எடுத்து வந்து, பள்ளியில் நீண்ட மேசைகளின் மீது அப்பள்ளத்தாக்கின் வடிவத்தைச் சமைத்தனர். அடுத்தடுத்த நாள்களில் புதிய இடங்களைக் கண்டு வந்து, மண் வடிவத்தை விரிவாக்கினர். அது நிறைவுற்ற பின்னரே நிலப்படம் அவர்கள் கையில் தரப்பட்டது. 1807இல் அப்பள்ளிக்கு வந்து சென்றவர்களுள் ஒருவர் கார்ல் ரிட்டர். 1820 முதல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய அவர், இக்காலப் புவியியலின் மூலவர்களுள் ஒருவராகப் போற்றப்படுபவர். தம் துறையைப் பற்றிய சிந்தனைக்குப் பெஸ்டலோசிக்குத் தாம் கடன்பட்டிருப்பதை அவரே ஒப்புக்கொண்டுள்ளார். பெரும் பல்கலைக்கழகத் துறை ஒன்றின் வேர், தொடக்கப் பள்ளியின் களிமண்ணில் இருந்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

மலாயாவை ஆண்ட பிரிட்டனில் இம்முறை எளிதில் வேரூன்றவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அங்கும் முனைகள், விரிகுடாக்கள், ஆறுகள், தலைநகரங்கள் ஆகியவற்றின் பெயர்களை வரிசையாக ஒப்பிப்பதே புவியியலாக இருந்தது. நிலவியலாளர் ஆர்ச்சிபால்டு கெய்க்கி 1887இல் வெளியிட்ட 'புவியியல் கற்பித்தல்' என்னும் பொருளுடைய நூல், குழந்தையின் சுற்றுப்புறத்திலிருந்து பாடம் தொடங்க வேண்டும் என வலியுறுத்தியது. 1893இல் ஆசிரியர்களுக்கான புவியியல் சங்கம் அங்கு நிறுவப்பட்டது. ஆகவே, மலாயாவில் தோட்டப் பள்ளிகள் பெருகிய காலத்தில், 'அண்மையிலிருந்து சேய்மைக்கு' என்னும் நெறி ஆட்சியாளரின் தாய்நாட்டுக் கல்வியுலகில் நன்கு அறியப்பட்டிருந்தது. அந்நெறி தோட்டத்தை எட்டவில்லை.

3. தமிழில் நிலம் பற்றிய கல்வி

தமிழ் மரபிற்கு நிலத்தைப் பகுத்து நோக்கும் முறை புதியதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கூறுகின்றது. அந்நிலத்திற்குரிய மரம், விலங்கு, பறவை, தொழில், உணவு முதலியவற்றைக் கருப்பொருளாக வைக்கின்றது. அது செய்யுளுக்குரிய இலக்கணமே ஆகும். அதனைப் புவியியல் பாடநூல் எனக் கொள்ளுதல் பொருந்தாது. ஆயினும், ஓர் இடத்தின் நிலம், பருவம், உயிர்கள், மக்களின் உழைப்பு ஆகியவற்றை ஒன்றோடொன்று பிணைத்துக் காணும் பார்வை அதனுள் இருக்கின்றது. வட்டாரப் புவியியல் குழந்தைக்குத் தர விரும்புவதும் இப்பார்வையையே.

அச்சுக் காலத்தில் தமிழில் தோன்றிய புவியியல் கல்வி இம்மரபிலிருந்து வளரவில்லை. 1814இல் தமிழகம் வந்து, 1820 முதல் திருநெல்வேலியில் பணியாற்றிய ஜெர்மானிய மறைப்பணியாளர் இரேனியுஸ், 1832இல் 'பூமி சாஸ்திரம்' என்னும் நூலை வெளியிட்டார். தமிழ் உரைநடையில் அறிவியல் எழுதும் முயற்சிகளுள் அது முன்னோடியானது. அடுத்துவந்த பல்லாண்டுகளில் மறைப்பணிப் பள்ளிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் 'பூகோளம்' ஒரு பாடமாக நிலைபெற்றது. தீபகற்பம், பூமத்தியரேகை, கடகரேகை, மகரரேகை முதலிய சொற்கள் மாணவர் நாவில் பழகின. தமிழ்க் குழந்தைக்கு உலகம் உருண்டை என்ற அறிவையும் கண்டங்களின் பெயர்களையும் தந்தவை அந்நூல்களே. அந்நன்றி என்றும் உரியது. எனினும் அவை சென்னை மாகாணத்துக் குழந்தைக்காக எழுதப்பட்டவை. அவை கப்பலேறியபோது சிக்கல் தொடங்கியது.

4. தோட்டப் பள்ளியும் இந்திய நிலப்படமும்

மலேசியத் தமிழ்க் கல்வியின் வரலாறு 1816இல் நிறுவப்பட்ட பினாங்கு இலவசப் பள்ளியோடு இணைந்திருந்த தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிடப்படுகின்றது. 2016இல் அதன் இருநூறாம் ஆண்டு கொண்டாடப்பட்டது. ஆயினும் தமிழ்ப் பள்ளிகள் பெருந்தொகையாக எழுந்தமைக்குக் காரணம் இரப்பரே. கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ வாழும் தோட்டத்தில் பள்ளி அமைக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின் மீது வைத்தது.

சட்டம் பள்ளியை வேண்டியது. அதன் தரத்தை உறுதிசெய்யவில்லை. பல தோட்டங்களில் ஆயாக் கொட்டகையின் ஒரு பகுதியோ ஒரு பழைய கொட்டகையோ பள்ளியாயிற்று. கங்காணியோ கிராணியோ ஓய்வு நேரத்தில் ஆசிரியராக இருந்ததும் உண்டு. ஒரே அறையில் பல வகுப்புகள் அமர்ந்தன. பெரும்பாலான குழந்தைகள் தொடக்கக் கல்வியை முடிக்கும் முன்னரே, மங்கு துடைக்கவும் புல் பிடுங்கவும் சென்றுவிட்டனர். இந்நிலையில் எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகியவற்றைக் கடந்து பூகோளம் வரை வந்தவர் பேறு பெற்றவர் எனலாம்.

அவ்வாறு வந்தவர்க்குக் கிடைத்த நூல்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து தருவிக்கப்பட்டவை. அவற்றில் இமயம் இருந்தது. கங்கையும் காவிரியும் இருந்தன. சென்னை மாகாணத்தின் மாவட்டங்கள் இருந்தன. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனத் தமிழ்ப் பாடம் ஆறு பருவங்களை உரைத்தது. நிலநடுக்கோட்டிற்கு அண்மையில், ஆண்டு முழுவதும் வெப்பமும் மழையும் மாறி மாறி வரும் நாட்டில், பனிக்காலத்தை ஒருபோதும் கண்டிராத குழந்தை அவற்றை மனப்பாடம் செய்தது. ரூசோ கண்ட குறை இங்கு இருமடங்காயிற்று. ஐரோப்பியக் குழந்தை பெயர்களை மட்டும் கற்றதாயினும், அவை அது வாழும் நாட்டின் பெயர்களாகவேனும் இருந்தன. தோட்டக் குழந்தைக்கு அப்பெயர்களும் கடலுக்கு அப்பால் இருந்தன.

எனினும் இதனை அறியாமை என்று மட்டும் ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கிற்குக் கப்பலேறி வந்த தந்தைக்கும் தாய்க்கும் காவிரியும் தாமிரபரணியும் வெறும் பெயர்கள் அல்ல. அவை ஊரின் பெயர்கள். பணம் அனுப்ப வேண்டிய முகவரியின் பகுதிகள். என்றேனும் திரும்பிச் செல்லும் வழியின் அடையாளங்கள். அந்த நிலப்படம் அவர்களுக்கு உண்மையான வீட்டு நிலப்படம். குழந்தைக்கு அது பெற்றோரின் நினைவுப்படம். ஒரே வரைபடம் ஒரே வீட்டில் இரண்டு தலைமுறைகளுக்கு இரு வேறு பொருள் தந்தது. இந்த வேறுபாட்டைக் காணும் வாய்ப்பு அப்பாடநூலுக்கு இல்லை. தோட்ட நிருவாகத்திற்கோ அதனைக் காண வேண்டிய தேவை இருக்கவில்லை.

5. பாடமாகாத நிலம்

பெஸ்டலோசியின் மாணவர் பூரோன் பள்ளத்தாக்கிற்குச் சென்றது போலத் தோட்டக் குழந்தைகளும் லயத்திலிருந்து புறப்பட்டிருந்தால் எதைக் கண்டிருப்பர்? இவ்வினா வெறும் கற்பனை அன்று. பாடமாகத் தகுதி பெற்றிருந்தும் பாடமாகாமல் நின்றவற்றை அது காட்டும்.

முதலில், மரம். பால்மரம் மலாயாவின் காட்டு மரமன்று. ஹென்றி விக்கம் 1876இல் பிரேசிலின் அமேசான் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனின் கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். அங்கு முளைத்த கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் 9 கன்றுகள் பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வளர்த்தார். 1896இல் மலாக்காவில் டான் சே யான் வணிக நோக்கில் இரப்பர் பயிரிட்டார். தென்னமெரிக்கா, ஐரோப்பா, தெற்காசியா, தென்கிழக்காசியா ஆகிய நான்கும் ஒரு மரத்தின் வரலாற்றில் அடங்கியுள்ளன. அம்மரத்தைப் போலவே அதன் நிழலில் வாழ்ந்த தமிழ்க் குடும்பமும் கடல் கடந்து வந்து நடப்பட்டது. பள்ளியின் சாளரத்திற்கு வெளியே நின்ற ஒரு மரத்தைக் கொண்டே உலக நிலப்படம் முழுவதையும் விளக்கியிருக்கலாம்.

அடுத்து, பொழுது. பெற்றோர் விடியுமுன் பெரட்டுக்குச் சென்றது ஏன் என்பதற்குத் தோட்ட ஒழுங்கு மட்டும் காரணமன்று. அதிகாலைக் குளிர்ச்சியில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது பால் நன்றாகச் சுரக்கும். வெயில் ஏற ஏறச் சுரப்பு குறையும். மழை பெய்தால் பட்டை வழியே நீர் வழிந்து பாலை அடித்துச் செல்லும். அன்று வெட்டு இல்லை. ஏறத்தாழப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்க்கும். அக்காலத்தில் பாலும் குறையும், கூலியும் குறையும். நூலிலிருந்த ஆறு பருவங்களை ஒப்பித்த குழந்தை, இந்தப் பருவத்தை வீட்டு அடுப்பில் கண்டிருந்தது. தட்பவெப்பமும் பொருளியலும் எங்கே சந்திக்கின்றன என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

மூன்றாவது, நிலத்தின் வடிவம். குன்றுச் சரிவுகளில் மண் அரிப்பைத் தடுக்க, ஒரே உயரத்தில் படிப்படியாக வரப்பு வெட்டி மரங்களை நடுவது தோட்ட வழக்கம். நிலப்படத்தில் வரையப்படும் சம உயரக் கோடு என்பது இதுவே. குன்றைச் சுற்றி வளைந்து செல்லும் நிரையில் நடப்பவர், தம்மை அறியாமலே ஒரு சம உயரக் கோட்டின் மீது நடக்கின்றார். இடைநிலைப் பள்ளியில் கடினமானதாகக் கருதப்பட்ட அக்கருத்து, தோட்டக் குழந்தையின் கால்களுக்கு முன்பே தெரியும். நிரையின் ஓரத்துக் கால்வாய் ஓடையில் சேர்வதும், ஓடை ஆற்றில் சேர்வதும், மேற்குக் கரை ஆறு மலாக்கா நீரிணையில் கலப்பதும் அவ்வாறே தொடர்ந்து செல்லக்கூடிய பாடங்கள்.

நான்காவது, பெயர். மலாய் ஊர்ப்பெயர்கள் பல, நிலத்தின் இயல்பைக் கூறுவன. சுங்கை என்பது ஆறு. புக்கிட் என்பது குன்று. தஞ்சோங் என்பது நிலமுனை. தெலுக் என்பது விரிகுடா. புலாவ் என்பது தீவு. குவாலா என்பது ஆற்றுமுகம் அல்லது ஆறுகள் கூடுமிடம். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் சேற்று நிலத்தில் எழுந்தமையால் கோலாலம்பூர் அப்பெயர் பெற்றது. முனைக்கும் விரிகுடாவிற்கும் இலக்கணம் சொல்லி ஒப்பிக்கச் செய்வதற்கு மாறாக, இப்பெயர்களின் பொருளைக் கேட்டிருந்தாலே போதும். தமிழரும் தம் பங்கிற்குப் பெயரிட்டனர். பினாங்கின் அருவிக் குன்று தண்ணீர்மலை ஆயிற்று. கல் எனப் பொருள்படும் 'பத்து' என்னும் மலாய்ச் சொல் தமிழ் 'மலை'யோடு இணைந்து பத்துமலை ஆயிற்று. இரப்பரைக் குறிக்கும் 'கித்தா' என்னும் மலேசியத் தமிழ்ச் சொல்லும் 'கெத்தா' என்னும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்ததே. ஒரு மக்கள் கூட்டம் ஒரு மண்ணைத் தனதாக்கிக் கொள்ளும் முதற்செயல் அதற்குப் பெயரிடுதல் ஆகும். பாடநூல் அறியாத புவியியலைத் தோட்ட மக்களின் நா அறிந்திருந்தது.

6. நிலப்படம் மாறிய காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின், மலாயாவில் வாழும் பல இனக் குழந்தைகளும் எந்த நாட்டை நோக்கிக் கற்கின்றனர் என்பது அரசியல் வினாவாயிற்று. 1951இல் வெளிவந்த பார்ன்ஸ் அறிக்கை, மலாய், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளில் பயிற்றும் பொதுவான தேசியப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. தமிழ், சீனப் பள்ளிகளின் எதிர்காலம் அதனால் ஐயத்திற்குள்ளானது. 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை வேறொரு வழியைக் கண்டது. தாய்மொழித் தொடக்கப் பள்ளிகள் நீடிக்கலாம். ஆனால் எல்லாப் பள்ளிகளிலும் மலாயாவை மையமாகக் கொண்ட பொதுப் பாடத்திட்டம் இருத்தல் வேண்டும் என்றது. பயிற்றுமொழி வேறாக இருக்கலாம், கற்கும் நாடு ஒன்றாக இருக்க வேண்டும் என்பது இதன் சாரம். இக்கொள்கை மிகுதியாகத் தொட்ட பாடங்கள் வரலாறும் புவியியலும்.

1957 ஆகஸ்டு 31இல் மலாயா விடுதலை பெற்றபோது நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. அவற்றின் சுவர்களில் நிலப்படம் மாறியது. இமயம் இருந்த இடத்தில் தித்திவங்சா மலைத்தொடரும், கங்கை இருந்த இடத்தில் பகாங் ஆறும் பேராக் ஆறும் வந்தன. தீபகற்பத்தின் உயர்ந்த சிகரமாகிய 2,187 மீட்டர் உயரமுள்ள தாஹான் மலையின் பெயரைக் குழந்தைகள் கற்றனர். மாநிலங்கள், தலைநகரங்கள், விளைபொருள்கள் பாடமாயின. இது தேவையான மாற்றம். தான் பிறந்த நாட்டின் ஆறுகளைத் தன் தாய்மொழியிலேயே கற்கும் வாய்ப்பைத் தமிழ்க் குழந்தை அப்போதுதான் முழுமையாகப் பெற்றது.

இம்மாற்றத்தின் தேவை எத்துணைக் கூர்மையானது என்பதை அடுத்த பத்தாண்டின் நிகழ்வுகள் காட்டின. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என விதித்தது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமலோ பெற இயலாமலோ இருந்த தோட்டத் தொழிலாளருள் பல்லாயிரவர் இந்தியாவிற்குத் திரும்ப நேர்ந்தது. எழுத்தறிவின்மை, ஆவணமின்மை, அரசியல் சூழல் எனப் பல காரணங்கள் அதற்கு உண்டு. அதனைப் பாடநூலின் மீது சுமத்துவது மிகையாகும். ஆயினும், எந்நாட்டில் வாழ்கிறோம் என்பது ஒரு மனிதரின் வாழ்வையே மாற்றக்கூடிய அறிவு என்பதை அந்நிகழ்வு உணர்த்துகின்றது. அந்த அறிவைக் குழந்தைக்கு முதலில் தர வேண்டிய பாடம் புவியியல்.

மற்றொன்றும் கருதத்தக்கது. நிலப்படம் மாறியது, கற்பிக்கும் முறை அதே விரைவில் மாறவில்லை. ஒரு நாட்டின் பெயர்ப்பட்டியலுக்கு மாற்றாக இன்னொரு நாட்டின் பெயர்ப்பட்டியல் வந்தது. தித்திவங்சா மலைத்தொடர் மலேசியக் குழந்தைக்கு உரியதே. ஆனால் கடலோரத் தோட்டத்துக் குழந்தைக்கு அதுவும் காணாத மலையே. பள்ளியின் பின்புறத்துக் குன்றிலிருந்து அம்மலைத்தொடருக்குச் செல்லும் வழியை யாரும் காட்டவில்லை. தொடக்கப் பள்ளியை முடித்த தமிழ் மாணவர், புகுமுக வகுப்பைக் கடந்து இடைநிலைப் பள்ளியில் வேற்று மொழியில் புவியியலை மீண்டும் சந்தித்தபோது, அவர் கையில் இருந்தவை பெயர்களே. கண்டறிந்த பொருள்கள் அல்ல.

7. தோட்டம் கலைந்த பின்

1983இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த புதிய தொடக்கப் பள்ளிக் கலைத்திட்டம், புவியியலைத் தனிப்பாடமாக வைக்கவில்லை. இயற்கையும் மனிதனும் எனப் பொருள்படும் 'ஆலாம் டான் மானுசியா' என்னும் ஒருங்கிணைந்த பாடத்துள் அது சேர்க்கப்பட்டது. 1990களில், உள்ளூர் பற்றிய ஆய்வு எனப் பொருள்படும் 'காஜியான் தெம்பாத்தான்' அதன் இடத்தில் ஒரு பகுதியை ஏற்றது. அப்பெயரே ரூசோவும் பெஸ்டலோசியும் காட்டிய நெறியை நினைவூட்டுவது. குடும்பம், பள்ளி, வட்டாரம், மாநிலம், நாடு என விரியும் அமைப்பு அதில் இருந்தது. 2014 முதல் நான்காம் ஆண்டில் வரலாறு தனிப்பாடமாக அறிமுகமானபோது அப்பாடம் விலகியது. புவியியல் தனிப்பாடமாக இடைநிலைப் பள்ளியில் தொடங்குகின்றது.

உள்ளூரைக் கற்கும் பாடம் வந்த காலம், தமிழரின் உள்ளூர் கலைந்துகொண்டிருந்த காலமாகவும் அமைந்தது. இரப்பர் இருந்த இடங்களில் எண்ணெய்ப்பனை பரவியது. நகரங்களை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. இன்றைய கூட்டரசு நிருவாகத் தலைநகரமாகிய புத்ராஜெயா, பிராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்த நிலத்தில் எழுந்ததே. தோட்டங்கள் மறைந்தபோது பள்ளிகள் சில மூடப்பட்டன, சில இடம்பெயர்ந்தன. இன்று தமிழ்ப் பள்ளிகளின் எண்ணிக்கை ஐந்நூற்றுக்குச் சற்று மேற்பட்டதாக உள்ளது. அவற்றுள் பலவற்றின் பெயரில் மட்டும் தோட்டம் எஞ்சியுள்ளது. 'என் பள்ளியின் பெயரில் ஏன் தோட்டம் இருக்கிறது?' என்று ஒரு குழந்தை கேட்டால், நிலப் பயன்பாட்டு மாற்றம் என்னும் புவியியலின் முதன்மையான பாடம் ஒன்று அவ்வினாவிலேயே தொடங்குகின்றது.

8. முடிவுரை

தோட்டப் பள்ளிகளின் புவியியல் கல்வி வரலாற்றிலிருந்து இரண்டு கருத்துகள் புலனாகின்றன. முதலாவது, குழந்தையின் கையில் தரப்படும் நிலப்படம் அது எந்நாட்டிற்கு உரியது என்னும் தீர்ப்பையும் உடன் சுமந்து வருகின்றது. ஆகவே அதனைத் தேர்ந்தெடுப்பது சிறு செயலன்று. இரண்டாவது, நாட்டைச் சரியாகத் தேர்ந்துவிட்டால் மட்டும் பணி முடிந்துவிடாது. அருகிலுள்ள நிலத்தை விட்டுவிட்டுத் தொலைவிலுள்ள நாட்டை மட்டும் கற்பித்தால், அது தாய்நாடாயினும் முன்னோர் நாடாயினும் பெயர்ப்பட்டியலாகவே நிற்கும்.

இவ்வாய்வு மேலும் செல்ல வேண்டிய திசைகள் உள. மலாயாத் தமிழ்ப் பள்ளிகளில் வழங்கிய பழைய பூகோள நூல்களும் மாணவர் ஏடுகளும் கிடைக்கும் வரை தேடித் தொகுக்கப்பட வேண்டும். தோட்டங்களுக்கும் குன்றுகளுக்கும் ஓடைகளுக்கும் தமிழர் இட்டு வழங்கிய பெயர்கள், அவற்றை அறிந்த முதியோர் வாழும்போதே பதிவு செய்யப்பட வேண்டும். லயம், பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, கோயில், பால் நிலையம், பள்ளி ஆகியவை எங்கெங்கு இருந்தன என்பதை அவர்கள் நினைவிலிருந்து வரைந்து காட்டினால், அவ்வரைபடங்கள் வரலாற்றுச் சான்றுகளாகவும் இன்றைய வகுப்பறைக்குப் பாடங்களாகவும் அமையும்.

இவ்வினா மலேசியாவிற்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வார இறுதித் தமிழ் வகுப்புகளில் அமரும் குழந்தைக்கும் நூலில் ஒரு நிலமும் சாளரத்திற்கு வெளியே இன்னொரு நிலமும் இருக்கின்றன. முன்னோரின் ஆறுகளை அக்குழந்தைக்குச் சொல்லாமல் விடுதல் இழப்பாகும். ஆனால் தன் ஊரின் ஆற்றைத் தமிழில் சொல்லத் தெரிந்த குழந்தைக்கே காவிரியும் ஓர் ஆறாக விளங்கும். களிமண்ணில் தன் குன்றைச் சமைத்துப் பார்த்த கை, இமயத்தின் உயரத்தையும் ஒருநாள் அளந்தறியும்.